பெயர் பள்ளியில், பிள்ளை தோட்டத்தில்: மலைப்பகுதிக் கல்வி குறித்து ஒரு விவாதம்

கீழ்மலை வாத்தியார்:

பழனி மலைத்தொடரின் கீழ்மலையில், தாண்டிக்குடி, பண்ணைக்காடு, பெரும்பாறை வட்டாரத்துத் தொடக்கப்பள்ளிகளில் பணியாற்றி ஓய்வு பெற்றவன் நான். குழந்தைத் தொழிலாளர் என்ற பேச்சு எழும்போதெல்லாம் நம்மவர்களுக்குச் சிவகாசித் தீப்பெட்டியும் செங்கற்சூளையும்தான் நினைவுக்கு வருகின்றன. மலையில் நடப்பது கண்ணில் படுவதில்லை. ஏனென்றால் இங்கே எந்தப் பிள்ளையும் பள்ளியை விட்டு நின்றதாகப் பதிவேடு சொல்லாது. கார்த்திகையில் காப்பிப் பழம் சிவக்கத் தொடங்கியதும் நான்காம், ஐந்தாம் வகுப்புகள் மெலிந்துவிடும். மாசியில் பழம் ஓய்ந்ததும் பழையபடி நிரம்பும். பெயர் மட்டும் ஆண்டு முழுவதும் பள்ளியிலேயே இருக்கும்.

வேலை நடக்கும் விதத்தையும் சொல்லிவிடுகிறேன். பெரியவர்கள் இடுப்பில் பையைக் கட்டிக்கொண்டு, கிளையை வளைத்துப் பழுத்ததை மட்டும் பறிப்பார்கள். செடியடியில் உதிர்ந்து கிடப்பதைப் பொறுக்குவது பிள்ளைகளின் பங்கு. குனிந்தும் தவழ்ந்தும் சருகைக் கிளறி எடுக்க வேண்டும், அதற்குச் சின்ன உடம்புதான் தோது என்பது அங்கே யாரும் மறுக்காத கணக்கு. மாலையில் எடை போடும்போது பிள்ளை பொறுக்கியதும் தாயின் சாக்கில்தான் சேரும். கிலோவுக்கு இவ்வளவு என்று கூலி பேசியிருப்பதால் ஏட்டில் தாயின் பெயர் ஒன்றே இருக்கும். ஆய்வுக்கு வருகிற அதிகாரி அந்த ஏட்டை எத்தனை முறை புரட்டினாலும் அதில் ஒரு குழந்தையைக் காண முடியாது.

வறுமைதான் காரணம் என்று சொல்லிவிட்டுப் போவது எளிது. வறுமை இல்லை என்று நான் சொல்லவில்லை. ஆனால் 1956இல் காமராசர் காலத்தில் தொடங்கிய மதிய உணவு, 1982இல் எம்.ஜி.ஆர். ஆட்சியில் சத்துணவாக விரிந்தது. 2022இல் காலை உணவும் வந்து, அடுத்த ஆண்டே அரசுத் தொடக்கப்பள்ளிகள் அனைத்துக்கும் பரவியது. புத்தகம், சீருடை, காலணி, புத்தகப்பை எல்லாம் விலையில்லாமல் கிடைக்கின்றன. இத்தனைக்குப் பிறகும் மூன்று மாதம் பிள்ளையைத் தோட்டத்துக்குக் கூட்டிக்கொண்டு போகிற தாய், பள்ளியில் அந்த மூன்று மாதத்தில் பெரிதாக எதுவும் நடந்துவிடாது என்று கணித்திருக்கிறாள் என்றே நான் கருதுகிறேன். அந்தக் கணிப்பு பல பள்ளிகளைப் பொறுத்தவரை சரியானது என்பதுதான் என் வருத்தம். இந்தியக் கிராமப்புறங்களில் ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளுள் இரண்டாம் வகுப்புப் பாடத்தை வாசிக்கக்கூடியவர்கள் 2018இல் 50.5 விழுக்காடு, பெருந்தொற்று முடிந்த 2022இல் 42.8 விழுக்காடு என்று, ஊர் ஊராகச் சென்று பிள்ளைகளின் கற்றல் நிலையை அளக்கும் ஏசர் ஆய்வு சொன்னது. எழுத்துக்கூட்டத் திணறுகிற பிள்ளையைப் பார்த்து, இவன் சும்மா உட்கார்ந்திருப்பதற்குப் பழமாவது பொறுக்கட்டும் என்று பெற்றவர்கள் நினைத்தால், அவர்களைக் குற்றம் சொல்லும் தகுதி நமக்கு இருக்கிறதா என்று கேட்கவே இந்த இழையைத் தொடங்கினேன்.

தாண்டிக்குடித் தோட்டக்காரர்:

வாத்தியார் ஐயாவுக்கு வணக்கம். நீங்கள் எழுதியதில் நடைமுறை உண்மை இருக்கிறது. ஆனால் தோட்டக்காரன் பக்கத்து நியாயம் அதில் இல்லை. நாங்கள் யாரும் பிள்ளைகளை வேலைக்குக் கூப்பிடுவதில்லை. தாய் கூட்டிக்கொண்டு வருகிறாள். வீட்டில் விட்டுவிட்டு வா என்று சொன்னால், காட்டுமாடு நடமாடும் இடத்தில் யாரை நம்பி விடுவது என்று கேட்கிறாள். அதற்கு என்னிடம் பதில் இல்லை.

இரண்டாவது, ஆள் பற்றாக்குறை. வயதில் இளையவர்கள் திருப்பூருக்கும் கோவைக்கும் இறங்கிவிட்டார்கள். பழுத்த பழத்தை நாள் பார்த்துப் பறிக்காவிட்டால் உதிர்ந்து மண்ணோடு போய்விடும். மூன்றாவது, நானும் என் தகப்பனாரும் பள்ளி விட்டு வந்து பழம் பொறுக்கியவர்கள்தான், அதனால் கெட்டுப்போய்விடவில்லை. மிளகுக் கொடிக்கு ஏணி சாத்தி ஏறுவதற்கும், நிழல்மரத்தின் கிளை கழித்து நிழலைச் சீர்படுத்துவதற்கும் தெரிந்தவர்கள் இன்று எண்ணி எடுக்கும்படி ஆகிவிட்டார்கள். கை வேலை எதுவும் தெரியாமல், பாடமும் தெரியாமல் ஒரு தலைமுறை வளர்வதைத்தான் நான் பார்க்கிறேன்.

சட்டம் படிப்பவன்:

தோட்டக்காரர் ஐயா பள்ளி விட்டு வந்து பொறுக்கியதாகச் சொல்வதும், வாத்தியார் ஐயா சொல்லும் மூன்று மாத விடுப்பும் சட்டத்தின் பார்வையில் வெவ்வேறானவை என்பதால் சற்று விரிவாக எழுத வேண்டியிருக்கிறது.

1986ஆம் ஆண்டுக் குழந்தைத் தொழிலாளர் சட்டம் 2016இல் திருத்தப்பட்டு, 14 வயது நிறையாதவர்களை எந்தத் தொழிலிலும் அமர்த்தக்கூடாது என்றாயிற்று. மீறும் முதலாளிக்கு ஆறு மாதம் முதல் இரண்டு ஆண்டு வரை சிறை, அல்லது 20,000 முதல் 50,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டுமே. அதே திருத்தம் ஒரு கதவையும் திறந்து வைத்தது: ஆபத்தில்லாத குடும்பத் தொழிலில், பள்ளி நேரத்துக்குப் பிறகும் விடுமுறையிலும் பிள்ளை உதவலாம். மலையில் எல்லோரும் இந்தக் கதவைத்தான் காட்டுகிறார்கள். ஆனால் 2017இல் வந்த விதிகள் அந்தக் கதவை மிகவும் குறுக்கிவிட்டன. தொழில் அந்தக் குடும்பத்தின் பொறுப்பில் நடப்பதாக இருக்க வேண்டும். பிள்ளைக்கோ குடும்பத்துக்கோ வருவாய் தரும் உற்பத்தி வேலையாக அது இருக்கக்கூடாது. ஒரு நாளில் மூன்று மணி நேரத்தைத் தாண்டக்கூடாது. இரவு 7 மணி முதல் காலை 8 மணி வரை கூடவே கூடாது. பிறருடைய தோட்டத்தில் கிலோக் கூலிக்குப் பறிக்கும் தாயின் சாக்கில் பழம் போடுவது எந்த வகையிலும் குடும்பத் தொழில் ஆகாது.

அதே விதிகளில் இன்னொன்றும் உண்டு. பள்ளிக்கு முன்னறிவிப்பு இல்லாமல் ஒரு பிள்ளை தொடர்ந்து 30 நாள் வராவிட்டால் தலைமை ஆசிரியர் உரிய அதிகாரிக்குத் தெரிவிக்க வேண்டும். தொடர்ந்து என்ற சொல்தான் இங்கே எல்லாவற்றையும் கெடுக்கிறது. சந்தை நாளில் தோட்ட வேலை இருக்காது. பிள்ளை அன்றைக்கு மட்டும் பள்ளிக்கு வந்து போனால் கணக்கு மறுபடி முதலிலிருந்து தொடங்குகிறது. அறுவடைக் காலம் முழுவதும் வாரத்துக்கு ஒரு நாள் வந்து போகிற பிள்ளை சட்டப்படி ஒருபோதும் இடைநின்றவனாக மாட்டான்.

கீழ்மலை வாத்தியார்:

தம்பி சொல்வது சரி. அந்தப் பிள்ளைக்கு வருகைப் பதிவு போட்டு, பள்ளிக் கல்வித் துறையின் எமிஸ் செயலியில் ஏற்றி, வகுப்பிலும் உட்கார வைத்துவிட்டால் எங்கள் கடமை முடிந்ததாகவே கருதப்படும். முந்தைய வாரம் என்ன நடத்தினோம் என்பது அவனுக்குத் தெரியாது. அவனை மட்டும் தனியாக அழைத்து நடத்த எங்களுக்கும் நேரம் இருக்காது.

குந்தா லயன் வீட்டுக்காரி:

நீலகிரியிலிருந்து எழுதுகிறேன். 1964ஆம் ஆண்டு சிறிமாவோ சாஸ்திரி ஒப்பந்தத்தின்படி இலங்கையிலிருந்து வந்த குடும்பம் எங்களுடையது. அப்படி வந்தவர்களுக்கு வேலை தருவதற்காகவே 1968இல் அரசு இங்கே தேயிலைத் தோட்டங்களைத் தொடங்கியது என்பது பலருக்கும் தெரிந்திருக்கும். தோட்டத் தொழிலாளர்களுக்கு வரிசையாகக் கட்டிய லயன் வீட்டில் பிறந்து, அரசுப் பள்ளியில் படித்து, இப்போது குன்னூரில் ஒரு கணக்காளர் அலுவலகத்தில் வேலை பார்க்கிறேன்.

தோட்டக்காரர் ஐயா, காட்டுமாடு நடமாடும் இடத்தில் பிள்ளையை யாரை நம்பி விடுவது என்று கேட்டீர்கள். அந்தக் கேள்விக்கு 1951லேயே சட்டம் பதில் வைத்திருந்தது. தோட்டத் தொழிலாளர் சட்டப்படி 50 பெண் தொழிலாளர்களோ அவர்களுடைய 20 குழந்தைகளோ இருந்தால் தோட்ட நிர்வாகம் குழந்தைகள் காப்பகம் நடத்த வேண்டும் என்று இருந்தது. எங்கள் பெரியவர்கள் அதைப் பிள்ளைக்காம்பரா என்பார்கள். ஆறு முதல் பன்னிரண்டு வயது வரையிலான பிள்ளைகள் 25 பேருக்கு மேல் இருந்தால் பள்ளி வசதி செய்து தரச் சொல்லி மாநில அரசு விதி வகுக்கலாம் என்றும் அதில் இருந்தது. ஆனால் அந்தச் சட்டம் ஐந்து ஹெக்டேருக்கும் பதினைந்து தொழிலாளருக்கும் குறைந்த தோட்டங்களைத் தொடவில்லை. இன்றைக்கு நீலகிரியில் பச்சைத் தேயிலையைப் பெருமளவில் தருபவர்கள் சிறு விவசாயிகள். பெரிய தோட்டங்கள் சிலவற்றில் பிள்ளைக்காம்பராவை மூடிவிட்டார்கள். சிறு தோட்டத்தில் அது இருந்ததே இல்லை.

காம்பரா மூடினால் முதலில் பள்ளியை விட்டு நிற்பது யார் என்று நினைக்கிறீர்கள்? கைக்குழந்தையின் அக்கா. ஏழெட்டு வயதுப் பெண் பிள்ளை காலையில் தம்பியை இடுப்பில் தூக்கிக்கொண்டு லயன் வாசலில் நிற்பாள். பகலில் கஞ்சி காய்ச்சிக் கொடுத்து, தாய் கொழுந்து எடை போட வரும் இடத்துக்குப் பால் குடிக்கப் பிள்ளையைத் தூக்கிப் போவாள். அவள் கொழுந்து பறிப்பதில்லை, கூலி வாங்குவதில்லை. தம்பி இங்கே எழுதிய சட்டத்தில் அவளுக்கு இடமே இல்லை, குடும்பத்துக்கு உதவுகிறாள் என்றுதான் எல்லோரும் சொல்வார்கள். வாத்தியார் ஐயாவின் கருத்தில் எனக்கு இருக்கும் குறை இதுதான்: பள்ளி எவ்வளவு நல்லதாக இருந்தாலும் அந்தப் பெண் பிள்ளை வர முடியாது.

பூம்பாறைக்காரன்:

மேல்மலையில் பூண்டும் கேரட்டும் உருளைக்கிழங்கும் விளைகின்றன. அறுவடை வந்தால் பூண்டு அரிந்து தரம் பிரிப்பதற்கு வீடே உட்காரும். ஆனால் எங்கள் பையன்களை இழுப்பது காடு இல்லை, கொடைக்கானல் சீசன். பத்தாம் வகுப்பைத் தாண்டாத பையன் சித்திரை, வைகாசியில் ஏரிக்கரையில் குதிரை பிடித்தோ தங்கும் விடுதியில் அறை சுத்தம் செய்தோ கையில் காசு பார்த்துவிட்டால், ஆனியில் பள்ளி திறக்கும்போது திரும்பி வருவதில்லை. 14 வயது ஆனவன் என்றால் சட்டமும் ஒன்றும் செய்ய முடியாது. பட்டப்படிப்பு முடித்துவிட்டு அதே விடுதியில் வரவேற்பறையில் நிற்பவனை அவன் தினமும் பார்க்கிறான். கல்வித் தரம் என்று பேசுகிறவர்கள் அதற்கு என்ன சொல்கிறார்கள் என்று தெரிந்துகொள்ள விரும்புகிறேன்.

கூடலூர் நண்பர்:

பழங்குடிப் பிள்ளைகளைப் பற்றி இதுவரை யாரும் எழுதாததால் சேர்க்கிறேன். எங்கள் நீலகிரிக் கூடலூரில் பணியர், காட்டுநாயக்கர் பிள்ளைகள் வீட்டில் பேசுவது தமிழ் இல்லை. முதல் வகுப்பில் ஆசிரியை சொல்வது பிள்ளைக்கு விளங்காது. பிள்ளை சொல்வது ஆசிரியைக்கு விளங்காது. பிள்ளைக்கு மந்த புத்தி என்று பெயர் வைத்துவிட்டு மேலே போய்விடுவார்கள். கல்வி உரிமைச் சட்டம் இயன்றவரை தாய்மொழியில் கற்பிக்கச் சொல்கிறது. இயன்றவரை என்ற அந்த இடத்திலேயே எல்லாம் நின்றுபோகிறது. கூடலூரில் வித்யோதயா பள்ளி ஆதிவாசி சமூகத்தைச் சேர்ந்தவர்களையே ஆசிரியராகப் பயிற்றுவித்து வகுப்பில் நிறுத்தியிருக்கிறது. வழி இருக்கிறது என்பதற்கு அதுவே சான்று. இப்போது சார்க்கண்ட், அசாம் மாநிலங்களிலிருந்து வந்திருக்கும் தோட்டத் தொழிலாளர்களின் பிள்ளைகளுக்கும் இதே சிக்கல். ஒரு வித்தியாசம் உண்டு: அவர்கள் எப்போது திரும்பிப் போவார்கள் என்று தெரியாததால், பள்ளியில் பெயரைச் சேர்ப்பதற்கே யாரும் மெனக்கெடுவதில்லை.

சட்டம் படிப்பவன்:

கூடலூர் நண்பருக்கு ஒரு தகவல். மாற்றுச் சான்றிதழ் இல்லை, வயதுச் சான்று இல்லை என்று சொல்லி எந்தப் பிள்ளையின் சேர்க்கையையும் மறுக்கக் கூடாது. வயதுக்கேற்ற வகுப்பில் சேர்த்து, விட்டுப்போன பாடத்துக்குச் சிறப்புப் பயிற்சி தர வேண்டும். இவை கல்வி உரிமைச் சட்டத்தில் 2010 ஏப்ரல் முதல் நடைமுறையில் இருக்கும் பிரிவுகள்.

தாண்டிக்குடித் தோட்டக்காரர்:

எல்லோரும் சட்டத்தைச் சொல்கிறீர்கள். சோதனை வந்து தோட்டத்திலிருந்து பிள்ளையை இறக்கிவிட்டால் அந்தப் பிள்ளை நேரே பள்ளிக்குத்தான் போகும் என்று நினைப்பது வெகுளித்தனம். வங்காள தேசத்தில் நடந்ததைச் சற்று நினைத்துப் பாருங்கள். 1990களின் தொடக்கத்தில், குழந்தைகள் தைத்த துணியை வாங்குவதற்குத் தடை விதிக்கும் மசோதா அமெரிக்க நாடாளுமன்றத்தில் வந்ததுமே, ஆடைத் தொழிற்சாலைகள் பயந்துபோய்ப் பிள்ளைகளை ஆயிரக்கணக்கில் வெளியேற்றின. அவர்களில் பலர் கல் உடைக்கவும், தெருவில் விற்கவும், வீட்டு வேலைக்கும் போனார்கள். பிறகு 1995இல்தான் பள்ளியும் உதவித்தொகையும் சேர்த்து ஓர் ஒப்பந்தம் போட்டார்கள். என் தோட்டத்திலாவது தாயின் கண் முன்னால் பிள்ளை இருக்கிறது.

எனக்கு ஒரு யோசனை தோன்றுகிறது. கோடை விடுமுறையைக் குறைத்துவிட்டு, மார்கழி, தை மாதங்களில் மலைப்பள்ளிகளுக்கு அறுவடை விடுமுறை விட்டால் என்ன? பாடமும் போகாது, வேலையும் கெடாது.

குந்தா லயன் வீட்டுக்காரி:

மன்னிக்க வேண்டும் ஐயா, இதை ஏற்க முடியாது. அறுவடைக்காக விடுமுறை விட்டால், இதுவரை மறைந்து நடந்ததை அரசே நாட்காட்டியில் அச்சிட்டுக் கொடுத்ததாக ஆகும். அதற்குப் பிறகு பிள்ளையை அனுப்ப விருப்பமில்லாத தாய்கூட, எல்லோர் பிள்ளையும் வருகிறதே, உன் பிள்ளை ஏன் வரவில்லை என்ற கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டியிருக்கும். இந்த நாட்டில் அப்படி ஒன்றை முன்பே செய்து பார்த்தார்கள். 1953இல் இராஜாஜி கொண்டுவந்த திட்டப்படி பிள்ளைகளுக்கு நாளைக்கு மூன்று மணி நேரம் பள்ளி, மீதி நேரம் பெற்றோரின் தொழில். குலக்கல்வி என்று மக்கள் எதிர்த்து நின்றதில், அடுத்த ஆண்டே காமராசர் முதலமைச்சரானதும் அது கைவிடப்பட்டது. கொழுந்து பறிப்பவளின் மகள் கொழுந்து பறிக்கக் கற்றுக்கொள்ளட்டும் என்று யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை. ஆனால் விடுமுறைப் பட்டியல் அதைச் சொல்லிவிடும்.

வங்காள தேசத்து எடுத்துக்காட்டு நல்ல எடுத்துக்காட்டுதான். பிள்ளையை வெளியேற்றும் முன்பே பள்ளியும் பணமும் தயாராக இருக்க வேண்டும் என்பதே அதிலிருந்து எனக்குத் தெரிகிறது.

சட்டம் படிப்பவன்:

அக்கா சொல்வதற்கு நம் உச்ச நீதிமன்றத்தின் துணை உண்டு. சிவகாசி தொடர்பாக எம்.சி. மேத்தா தொடுத்த வழக்கில் 1996 டிசம்பரில் வந்த தீர்ப்பு, ஒரு குழந்தைக்கு 20,000 ரூபாய் வீதம் முதலாளி நல நிதிக்குச் செலுத்த வேண்டும் என்றது. அந்தக் குடும்பத்தில் வயது வந்த ஒருவருக்கு வேலை தர அரசு முயல வேண்டும், முடியாவிட்டால் 5,000 ரூபாயைத் தன் பங்காகச் சேர்க்க வேண்டும் என்றும் சொன்னது. பிள்ளையின் இடத்தில் பெரியவருக்கு வேலை என்ற எண்ணம் அதில் இருக்கிறது. உலக அளவிலும் தோட்டமும் வயலும்தான் பெரிய பங்கு: பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பும் யுனிசெபும் சேர்ந்து வெளியிட்ட கணக்குப்படி 2024இல் உழைக்கும் குழந்தைகள் ஏறத்தாழ 13 கோடியே 80 இலட்சம், அவர்களில் 61 விழுக்காட்டினர் வேளாண்மையில் இருக்கிறார்கள்.

கீழ்மலை வாத்தியார்:

கல்வித் தரம் என்று நான் சொன்னது என்ன என்பதை விளக்கிவிடுகிறேன். பூம்பாறைத் தம்பிக்கும் அதில் பாதிப் பதில் இருக்கலாம்.

அறுபது பிள்ளைகள் வரை உள்ள தொடக்கப்பள்ளிக்கு இரண்டு ஆசிரியர் என்பது சட்டம். மலையில் பெரும்பாலானவை அப்படிப்பட்ட ஈராசிரியர் பள்ளிகள்தான். ஒருவர் தலைமை ஆசிரியர். அவர் பயிற்சிக்கோ கூட்டத்துக்கோ வட்டார அலுவலகத்துக்கோ கீழே இறங்கினால், மற்றவர் ஐந்து வகுப்பையும் ஒரே கூடத்தில் பார்க்க வேண்டும். ஒன்றாம் வகுப்புக்குப் பலகையில் அகரம் எழுதிப் போட்டுவிட்டு, மூன்றாம் வகுப்புக்கு வாய்ப்பாடு சொல்லக் கொடுத்து, ஐந்தாம் வகுப்பைத் தாமாக வாசிக்கச் சொல்வோம். தாமாக வாசிக்கத் தெரிந்தவர்கள் வாசிப்பார்கள். மற்றவர்கள் புத்தகத்தை விரித்து வைத்துக்கொண்டு, நாம் திரும்பும்போது மட்டும் உதட்டை அசைப்பார்கள். இந்த உதட்டசைவைக் கண்டுபிடிக்கத் தெரிவதுதான் தொடக்கப்பள்ளி ஆசிரியரின் கலை என்று நான் சொல்வேன். கண்டுபிடித்தாலும் அந்தப் பிள்ளையிடம் போய் உட்கார அரை மணி நேரம் வேண்டும், அது நம்மிடம் இருக்காது.

பேருந்தும் பாடத்திட்டத்தில் அடக்கம். பெரும்பாலான ஆசிரியர்கள் வத்தலக்குண்டிலிருந்தும் பட்டிவீரன்பட்டியிலிருந்தும் ஏறி வருகிறவர்கள். வண்டி தாமதித்தால் முதல் பாடவேளை போயிற்று. மாலை வண்டியைப் பிடிக்கக் கடைசிப் பாடவேளை போயிற்று. தங்குவதற்கு ஒழுங்கான குடியிருப்பு கட்டிக் கொடுக்காமல் மலைக்கு ஆசிரியரை அனுப்பிவிட்டு, அவர் கலந்தாய்வில் மாறுதல் கேட்கிறார் என்று குறைப்படுவதில் பொருளில்லை. இளம் ஆசிரியர்கள் சோம்பேறிகள் என்று என் வயதினர் பலர் சொல்கிறார்கள். நான் அப்படிக் கருதவில்லை.

தம்பி, பட்டதாரி வரவேற்பறையில் நிற்கிறான் என்பது உண்மைதான். ஆனால் ஐந்தாம் வகுப்பில் வாசிக்க வராதவன் எட்டாம் வகுப்பு வரை தேர்ச்சி பெற்றே வந்துவிடுகிறான். ஒன்பதாம் வகுப்பில் கணக்கும் ஆங்கிலமும் சுவராக எழுந்து நிற்கும்போது சீசன் வேலை அவனுக்கு விடுதலையாகத் தெரிகிறது. கூலிக்காக மட்டும் அவன் போகவில்லை; வகுப்பில் நாள்தோறும் படும் அவமானத்திலிருந்து தப்பவும் போகிறான்.

பூம்பாறைக்காரன்:

அவமானம் என்று நீங்கள் சொன்னது எனக்குப் பிடிபடுகிறது. வேலையில்லாத பட்டதாரி பற்றிய என் கேள்வி அப்படியே இருக்கிறது. ஆனால் அது இந்த இழைக்குள் தீரக்கூடியது இல்லை.

தாண்டிக்குடித் தோட்டக்காரர்:

அறுவடை விடுமுறையை விட்டுவிடுகிறேன். அம்மா சொன்ன எதிர்வாதம் வலுவானதாகவே இருக்கிறது. என் களத்தில் பழம் உரிக்கும் எந்திரம் வைத்திருக்கும் கொட்டகைக்குப் பக்கத்தில் ஓர் அறை சும்மா கிடக்கிறது. கைக்குழந்தைகளை அங்கே விடலாம். பக்கத்துத் தோட்டக்காரர்கள் நான்கைந்து பேர் சேர்ந்தால் பார்த்துக்கொள்ள ஒரு அம்மாளுக்குச் சம்பளம் கொடுப்பது பெரிய செலவாகாது. அப்படிச் செய்தால் அக்காமார் பள்ளிக்குப் போவார்களா?

குந்தா லயன் வீட்டுக்காரி:

போவார்கள், தாய்க்கு நம்பிக்கை வந்தால். அந்த அம்மாள் பறிக்கிற பெண்களுக்குத் தெரிந்தவராக இருக்க வேண்டும்; காப்பகம் காலையில் வேலை தொடங்கும் நேரத்துக்கே திறந்திருக்க வேண்டும். எட்டு மணிக்குப் பறிப்பு, ஒன்பதரைக்குக் காப்பகம் என்றால் நடுவில் பிள்ளையைப் பிடித்துக்கொண்டு நிற்பது மறுபடியும் அக்காதான்.

ஆனால் உதிர்ந்த பழத்துக்கு இது தீர்வாகாது ஐயா. கூலி கிலோவுக்கு என்று இருக்கும்வரை ஒரு சோடிக் கை கூடுதலாக இருந்தால் நல்லது என்றே குடும்பம் நினைக்கும். பொறுக்கும் வேலைக்காவது நாள்கூலி பேசிப் பெரியவர்களை வைக்க முடியுமா?

தாண்டிக்குடித் தோட்டக்காரர்:

அதற்கு இப்போது என்னால் ஒப்புக்கொள்ள முடியாது. உதிர்ந்த பழம் தரத்தில் குறைந்தது. வியாபாரி அதற்குத் தரும் விலையில் நாள்கூலி கட்டுப்படியாகாது. பொறுக்காமல் விட்டால் தண்டுத்துளைப்பானும் பழத்துளைப்பானும் பெருகும் என்று வேளாண்மைத் துறையினர் சொல்வதால் விடவும் முடியாது. மற்ற தோட்டக்காரர்களிடம் பேசிப் பார்க்கிறேன்.

கீழ்மலை வாத்தியார்:

தண்டுத்துளைப்பான் தண்டில் இருப்பது. உதிர்ந்த பழத்தில் பெருகுவது பழத்துளைப்பான் மட்டும்தான். அது உங்கள் தோட்டத்தின் பூச்சிச் செலவு; அந்தத் தலைப்பில் நாள்கூலியை எழுதிப் பாருங்கள், கணக்கு வேறு மாதிரி வரலாம்.

பேசப்போகும்போது பள்ளி மேலாண்மைக் குழுவையும் அழைத்துக்கொள்ளுங்கள். அதில் நான்கில் மூன்று பங்கு பெற்றோர். ஆனால் கூட்டம் வேலைநாளில் பிற்பகல் நடப்பதால் பறிப்பவர்கள் யாரும் வருவதில்லை, கையெழுத்து மட்டும் பிறகு வாங்கப்படும். உங்கள் களத்தில் வாரக்கூலி கொடுக்கும் நாளன்று மாலை கூட்டத்தை வைத்தால் எல்லோரும் இருப்பார்கள். தலைமை ஆசிரியையிடம் நான் சொல்லி வைக்கிறேன். மாலை வண்டி போய்விட்டால் அவரைக் கீழே கொண்டுபோய் விடுவதற்கு ஒரு ஜீப் மட்டும் நீங்கள் ஏற்பாடு செய்ய வேண்டும்.

தாண்டிக்குடித் தோட்டக்காரர்:

ஜீப் இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை கூலி கொடுப்போம். அன்றைக்கு ஆசிரியை வருவாரா என்று கேட்டுச் சொல்லுங்கள்.